மூடியைத் தூக்காத மழைக்காலம்

ரூம்மேட் அடுப்பில் சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறாள். அந்த வாசனை என்னை ஜமுனாமரத்தூருக்கு மேலே, இன்று தார்ச்சாலை ஓடும் எங்கள் பழைய புழக்கடைக்கு, அங்கே நின்ற தேனீப் பெட்டிக்கு இழுத்துப் போகிறது. ஐப்பசி மழையில் மலையில் பூ இருக்காது என்று, அம்மா பாகை ஆறவைத்துக் கொட்டாங்குச்சியில் ஊற்றி, தேனீக்கள் மூழ்காமலிருக்க ஈர்க்குச்சிகளை மிதக்கவிட்டு, பெட்டிக்குள் வைப்பாள். குடித்தனவா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. பள்ளி விட்டதும் மூடியைத் தூக்குவேன், விளையாட்டுக்கு நடுவில் தூக்குவேன், விளக்கு வைக்குமுன் இன்னொருமுறை. ஒரு வருஷம், பாகு வைத்த மூன்றாம் நாள் தேனீக் கூட்டமே கிளம்பிப் போய்ப் பலாக்கிளையில் தாடிபோலத் தொங்கியது. எனக்கு அழுகை. அம்மா தண்ணீர் தெளித்து அடக்கி, முறத்தில் உதறி, பெட்டியில் சேர்த்தபிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டி, நீ துன்றப்ப உன் வூட்டுக் கூரைய ஒருத்தி தூக்கித் தூக்கிப் பாத்தா, நீ இருப்பியா?”

“மறுபடியும் கோச்சிக்கினு போய்டுமாம்மா?”

“நீ கைய வெச்சிக்கினு சும்மா இருந்தா போவாது.”

அந்த மழை முழுக்க நான் மூடியைத் தொடவில்லை. காலையில் பெட்டிமேல் காதை ஒட்டவைப்பேன். உள்ளே ரீங்காரம் கேட்டபிறகுதான் பள்ளிப்பையைத் தோளில் மாட்டுவேன். தை பிறந்து மலை பூத்தது, தேனீக்கள் போகவில்லை. “இப்ப தெறந்து பாருடி” என்று அம்மாவே சொன்னாள். நான் முதலில் காதைத்தான் வைத்தேன்.