உறுவையாற்றில் ஒரே ஒரு பரிசு

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் குழந்தைவேல் வேலை பார்க்கும் கடையின் பலகையில் ‘ஒயின்ஸ்’ என்று தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் கடையில் ஒயின் கேட்டு யாரும் வருவதில்லை. பிராந்தி கேட்பார்கள், பீர் கேட்பார்கள், ஊறுகாய் பாக்கெட் கேட்பார்கள். ஒயின் பாட்டில்கள், கல்யாணம் முடிந்தும் ஊருக்குக் கிளம்பாத தூரத்துச் சொந்தக்காரர்களைப் போல, மேல்தட்டில் தூசி போர்த்தி உட்கார்ந்திருந்தன.

குழந்தைவேலுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சொந்த ஊர் உறுவையாறு. தம்பி கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொள்ள, இவர் வாலிப வயதிலேயே அந்தக் கடைக்கு வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. குவார்ட்டர் வாங்குகிறவனுக்கு எதற்கு அபிப்பிராயம்?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒரு பெண், “அண்ணா, மீன் குழம்புக்கு எந்த ஒயின் நல்லா இருக்கும்?” என்று கேட்டாள்.

குழந்தைவேல் ஆடிப்போய்விட்டார். கைக்கு எட்டிய ஒரு சிவப்பு ஒயினை எடுத்து, “இதாம்மா” என்று கொடுத்தார். அவளும் நம்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அதே ஒயினில் ஒன்றை வாங்கிப் போய், மனைவி செல்வகுமாரி வைத்த வஞ்சிரக் குழம்போடு சேர்த்துக் குடித்துப் பார்த்தார். நாவல்பழக் கொட்டையைக் கடித்தது போல நாக்கு சுருண்டது. குழம்பின் புளியும் அதுவும் வாய்க்குள் கட்டிப் புரண்டன.

அடுத்த வாரம் ஒரு வெள்ளை ஒயின். நன்றாகக் குளிரவைத்து, அதே குழம்போடு. முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாயில் குழந்தைவேல் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாங்க, முள்ளு மாட்டிக்கிச்சா?” என்றாள் செல்வகுமாரி.

“இல்ல. ரெண்டும் சம்பந்தி ஆயிடுச்சி” என்றார்.

அன்றைக்குப் பிடித்தது. அதன்பின் குழந்தைவேலுக்கு அபிப்பிராயம் ஊற்றாகப் பெருகத் தொடங்கியது. நாசிக் ஒயின் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, பளபளப்பாக வந்து நிற்கும், ஒரு வார்த்தை பேசாது என்பார். கர்நாடகத்து ஒயின் பேங்க் மேனேஜர், நல்ல மனுஷன்தான், ஆனால் சிரிக்கமாட்டார். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை நம்ம வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. பிராந்திக்குக் கை நீட்டி நிற்கிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லுவார். அவர்கள் மீதிச் சில்லறைக்காகப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். வாரக்கடைசியில் வருகிற பெங்களூர்க்காரர்களோ அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். மேல்தட்டில் இருந்த பாட்டில்கள் கண் மட்டத்துக்கு இறங்கின. முதலாளி குழந்தைவேலைச் சட்டையில் ஒரு பேனா செருகிக்கொள்ளச் சொன்னதோடு சரி.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் குழந்தைவேல் கண்ணில் ஒரு தங்க ஸ்டிக்கர் பட்டது. ஒரு பாட்டிலின் கழுத்துக்குக் கீழே, ஏதோ போட்டியில் தங்க மெடல் வாங்கியதாக வட்டமாக ஒட்டியிருந்தது. சந்தோஷப்பட்டார். பக்கத்துப் பாட்டிலைப் பார்த்தார். அதிலும் தங்கம். அதற்கடுத்ததில் இரண்டு தங்கம். அலமாரி முழுக்கத் தேடிப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கொதித்தார்.

“எல்லாருக்கும் தங்க மெடல்னா அப்ப தோத்தது யாருடி?”

“என்னைக் கேட்டா? நானா குடுத்தேன்?” என்றாள் செல்வகுமாரி.

“ஒரு போட்டின்னா ஒருத்தன் ஜெயிக்கணும். நான் வைக்கறேன் போட்டி. நம்மூர்ல. ஒரே ஒரு பரிசு.”

அப்படித்தான் உறுவையாற்றில் ஒயின் போட்டி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தம்பியின் மோட்டார் கொட்டகைப் பக்கம், தென்னை நிழலில். ஆறு ஊர் ஒயின், ஆறும் சிவப்பு. நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் நடேசன், கரும்பு விவசாயி, பிராந்தியில் பழுத்த அனுபவம். இன்னொருவர் பக்கிரி, சுற்றுவட்டாரத்தில் கல்யாணச் சமையல்காரர், ருசி பார்ப்பதே தொழில். மூன்றாவது ஆள் கிடைக்காததால் செல்வகுமாரி.

எந்தப் பாட்டில் எது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது குழந்தைவேலின் கண்டிப்பு. அதனால் செல்வகுமாரி பழைய புடவையில் ஆறு பைகள் தைத்து, பைக்கு ஒரு நம்பர் எழுதி, அவர் பார்க்காத நேரத்தில், பேரைத் தானும் பார்க்காமல், பாட்டில்களை உள்ளே போட்டுக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். வெயில் ஏறியதும், ஒயின் சூடாகக்கூடாது என்று அவர் பலமுறை சொன்னது ஞாபகம் வந்து, பைகளோடு தூக்கி மோட்டார்த் தண்ணீர் விழுகிற தொட்டியில் போட்டுவைத்தாள்.

குழந்தைவேல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். “வாய்ல ஊத்திக் கொப்பளிச்சித் துப்பணும். முழுங்கக் கூடாது. உலகம் பூரா அதான் ரூல்ஸ்.”

நடேசன் டம்ளரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “டேய் வேலு, துப்பறதுக்கு எதுக்குடா இட்டாந்தே? வெத்தலை போட்டாலே துப்பலாமே.”

ஒன்றாம் நம்பரைக் குழந்தைவேல் மட்டும் துப்பினார். இரண்டாம் நம்பரை அவரும் துப்பவில்லை.

பத்துக்கு மார்க் போடச் சொல்லியிருந்தது. பக்கிரி ஒன்றாம் நம்பருக்கு நாலு போட்டு, “பந்திக்கு வைக்கலாம், சம்பந்தி வீட்டுக்கு வைக்க முடியாது” என்றார். மூன்றாம் நம்பரில் அவருக்குக் கண் கலங்கியது. திருக்கனூரில் ஒரு கல்யாணத்தில் தான் வைத்த வத்தக்குழம்பு ஞாபகம் வந்துவிட்டது என்றார். அந்தக் குழம்பைப் பற்றி வெகுநேரம் பேசினார். நடேசன் நாலாம் நம்பருக்குப் பத்துக்குப் பதினாலு போட்டார். அப்படிப் போடக்கூடாது என்று குழந்தைவேல் சொன்னதற்கு, “ஒயின் நல்லா இருந்தா நான் இன்னாடா பண்றது?” என்று கோபித்துக்கொண்டார். செல்வகுமாரி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, “இதுல உப்பு கம்மி” என்று ஆறுக்கும் ஒரே தீர்ப்பு சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்து, அப்புறம் அது நிற்கவேயில்லை.

அந்த நேரம் பார்த்து நடேசனின் மனைவி வள்ளியம்மாள் வரப்பு வழியாக வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்து நடேசன் தென்னைமரத்துக்குப் பின்னால் போனார்.

“ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இன்னா கூத்து இது? வூட்ல கறி ஆறிக்கினு இருக்குது.”

“உக்காரு அக்கா. நீயும் ஒரு நடுவர்” என்று டம்ளரை நீட்டினாள் செல்வகுமாரி.

வள்ளியம்மாள் ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள். இன்னொன்று கேட்டாள். முறையாக ஆறையும் முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “நாலாம் நம்பரு. மத்ததெல்லாம் மருந்து” என்றாள். பக்கிரியும் யோசித்துவிட்டு நாலுதான் என்றார். நடேசன் மரத்துக்குப் பின்னாலிருந்தே கை தூக்கினார். செல்வகுமாரி, “நாலுல உப்பு கொஞ்சம் பரவால்ல” என்றாள். குழந்தைவேலுக்கும் நாலுதான்.

அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முடிவை அறிவிக்கப் போகிறார். நாலாம் நம்பர் பையின் முடிச்சை அவிழ்த்துப் பாட்டிலை உயர்த்திக் காட்டினார்.

வெறும் பாட்டில். ஒரு எழுத்து இல்லை.

மற்றப் பைகளையும் அவிழ்த்தார். எல்லாம் வெறும் பாட்டில்தான். லேபிள்கள் தண்ணீரில் ஊறி, பைகளுக்குள்ளே கூழாகிக் கிடந்தன. கொஞ்சம் கெட்டியான தங்க ஸ்டிக்கர்கள் மட்டும் கட்டு வழியாக நழுவி வெளியே வந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு தொட்டி முழுக்க மிதந்தன. மூடிகளை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்றால், அவற்றைத் திறந்து எங்கே போட்டோம் என்று நடேசனுக்கு நினைவில்லை.

“குளிரா வைக்கணும்னு நீங்கதான சொன்னீங்க” என்றாள் செல்வகுமாரி.

“பரவால்ல, நாக்கே சொல்லும்” என்று குழந்தைவேல் நாலாம் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்துக் கண்ணை மூடினார். “நாசிக்” என்றார். இன்னொரு வாய் குடித்து, “கர்நாடகா” என்றார். மூன்றாவது வாய்க்குப் பாட்டிலில் ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்தார். அழப்போகிறாரோ என்று பக்கிரி கிட்டே வந்தார். குழந்தைவேலின் தோள் குலுங்கியது. சிரிப்புதான். பக்கிரிக்குத் தொற்றியது, வள்ளியம்மாளுக்குத் தொற்றியது. கடைசியில் சண்டை போட வந்தவளே நடேசன் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கிச் சிரித்துக்கொண்டு போனாள்.

போட்டி நடந்த சேதி கடை வழியாகப் பரவியது. ஒயின் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள் ஒவ்வொருவராக வந்து, “அண்ணே, ஜெயிச்சது எங்களுதா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். குழந்தைவேல் பொய் சொல்லமாட்டார். “உங்களுதாவும் இருக்கலாம்” என்றார். எல்லோரும் நிறைந்த மனசோடு போனார்கள். ஓசூரைத் தாண்டி உள்ள ஒரு தோட்டத்தின் பிரதிநிதி மட்டும், நடுவர்கள் எல்லோரும் ஒருநாள் எங்கள் தோட்டத்துக்கு வரவேண்டும் என்று கூப்பிட்டார்.

மாசி மாதம் ஒரு வேன் பிடித்துப் போனார்கள். மலைச்சரிவு முழுக்கக் கம்பியில் ஏற்றிய கொடிகள். குழந்தைவேல் கோவிலுக்குள் போகிறவர் போலச் செருப்பைக் கழற்றப் போனார், முள் இருக்கும் என்று தோட்டத்து ஆள் தடுத்தார். பக்கிரி நேராகச் சமையல்கட்டைத் தேடிப் போய்விட்டார். வள்ளியம்மாள் ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு சின்னப் பழத்துக்கா இவ்வளவு கம்பி என்று கேட்டாள். செல்வகுமாரி யாருக்கும் தெரியாமல் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டையும் தோலுமாக இருந்தது. ஆனால் இனிப்பு, அவள் நினைத்ததைவிட எவ்வளவோ இனிப்பு. இன்னொன்றைப் பறித்துப் புருஷன் உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள்.

“எப்படி?” என்றார் குழந்தைவேல்.

“சாப்ட்டுச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் நானா அபிப்பிராயம் சொல்லணும்?” என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக் கொடிகளுக்குள் நுழைந்து போய்விட்டாள்.