நஞ்சம்மாளுக்கு முடி முளைத்த கதை

தேன்கனிக்கோட்டைச் சந்தைக்கு நான் கொண்டுபோன புத்தகம் விற்காமல் திரும்பியது ஒரே ஒரு தடவைதான். அது என் கெட்டிக்காரத்தனத்தில் வந்த குறை இல்லை. ஒரு அட்டைப்படம் செய்த வேலை. இத்தனை வருஷமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன அச்சகத்தில் மிஷின்மேனாக இருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்றும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் காலால் மிதித்து அச்சடிக்கும் ட்ரெடில் மிஷினை என்னைப் போல ஓட்ட அந்த ஊரில் ஆள் கிடையாது. முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அச்சடித்த கதைப் புத்தகங்களைத் தகரப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்பதும் நான்தான்.

அதிகம் போனது ‘யானை மறித்த நஞ்சம்மா கதை’. நஞ்சம்மா, புருஷனை யானைக்குப் பறிகொடுத்துத் தலை மழித்தவள். மறு வருஷம் அதே யானை தன் ராகிக் காட்டில் இறங்கியபோது தீப்பந்தத்தோடு தனியாக நின்று திருப்பி அனுப்பியவள். அட்டையில் மரக்கட்டை பிளாக்கில் வெட்டிய படம், ஒரே கருப்பு மை. மொட்டைத் தலை, எலும்பு தெரியும் கை, பந்தம், பின்வாங்கும் யானை.

ராகி கதிர் பிடிக்கும்போது மலையோரத்துக் குடியானவர்கள் அதை வாங்குவார்கள். காவல் பரணில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு அட்டையைக் கிழித்து, யானை வரும் திசையைப் பார்த்தபடி பரண் காலில் ஒட்டுவார்கள். அறுப்பு முடியும்வரை அவள் அங்கே காவல். அதனால் வருஷத்துக்கு வருஷம் புதுப் புத்தகம் வேண்டும்.

மாப்பிள்ளை கொண்டுவந்த பிளாக்

முதலாளியின் மாப்பிள்ளை பெங்களூரில் படித்தவர். ஒருநாள் மூன்று கலர் பிளாக் செட் ஒன்றைக் கொண்டுவந்தார். நானே அதை ஓட்டினேன், கலர் துளி விலகாமல் விழுந்தது. விழுந்து என்ன? சிவந்த மேனி, இடுப்புவரை கூந்தல், தலை நிறையப் பூ, பட்டுச்சேலை. யானை தும்பிக்கையைத் தூக்கி அவளுக்கு மாலை போடுகிறது!

“இது நஞ்சம்மா இல்லீங்களே. அவ தலை மொட்டைங்க,” என்றேன்.

“மொட்டைப் பொம்பளைய அட்டையில போட்டா எவன்யா வாங்குவான்? லட்சணமா இருந்தாத்தான் கை போவும். நீ மிஷினைப் பாரு, முனுசாமி.”

கதையைப் படித்தீர்களா என்று கேட்டேன். படிக்க வேறு வேண்டுமா என்று சிரித்தார்.

சந்தையில்

அந்தச் சந்தையில் எல்லோரும் வந்தார்கள், எடுத்துப் பார்த்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். நாட்றாம்பாளையத்து மாரக்கா மட்டும் நின்றாள். புருஷன் போன பிறகு ஒண்டியாகக் காட்டைக் காப்பவள், வருஷம் தவறாமல் என்னிடம் வாங்குகிறவள்.

“யாருண்ணா இவ? கண்ணாலப் பொண்ணாட்டம் நிக்கிறா?”

புது அட்டை, உள்ளே அதே கதைதான் என்றேன்.

“அந்த யானையப் பாருண்ணா. மாலை போடுது. இதைப் பரண்ல ஒட்டினா, வா சாமி, வந்து மேஞ்சிட்டுப் போன்னு நானே கூப்புட்டாப்பல ஆவும். கதிரு பால் பிடிச்சிருச்சு. நான் இப்ப என்னத்த ஒட்டறது?”

அடுத்த சந்தைக்குப் பழைய நஞ்சம்மாளோடு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கட்டையும் நானும்

திரும்பி வந்து பழைய பிளாக்கைத் தேடினேன். ஆடிய கட்டிங் மிஷினின் காலுக்கு அதை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உருவி எடுத்துத் துடைத்தேன். கீறல் இல்லை. பழைய அட்டையைத் தனியாகக் கொஞ்சம் ஓட்டிக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார்.

“அந்த மொட்டைச்சி இந்த பிரஸ்ல இனிமே ஓட மாட்டா,” என்றார் மாப்பிள்ளை.

“அப்ப நானும் ஓட்ட மாட்டேன்.”

“போயேன். போறப்ப அந்த வெறகையும் தூக்கிட்டுப் போ.”

தூக்கிக்கொண்டேதான் போனேன். வீட்டுக் கூடத்தில் மை தடவி, மஞ்சள் தாளை வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். ட்ரெடிலில் அடித்தால்கூட அத்தனை சுத்தமாக விழாது.

அடுத்த சந்தையில் மாரக்கா எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். புத்தகம் இல்லை, அட்டைத் தாள் மட்டும்தான் இருக்கிறது என்று தயங்கினேன்.

“கதை எனக்குத் தலைகீழா வரும்ணா. மூஞ்சிதான் வேணும்,” என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கொண்டுபோன தாள் முழுவதும் உச்சிப் பொழுதுக்குள் தீர்ந்தது. அந்தக் கட்டையை வைத்துத் தொடங்கியதுதான் என் சொந்த அச்சகம். யார் தயவிலும் இல்லை.

இன்றும் பழைய கதைகளுக்குப் புது அட்டை போடுகிறோம் என்று தம்பிகள் என்னிடம் படம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். உழைத்துக் கறுத்தவளை வெளுக்க வைத்து, கிழவியைக் குமரியாக்கி, கோபக்காரியைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அழகுதான் வேண்டுமென்றால் சொந்தமாக ஒருத்தியை உண்டாக்குங்கள், அவளுக்கு எத்தனை முழம் வேண்டுமானாலும் பூ வையுங்கள். ஊர் நம்பி வைத்திருக்கும் முகத்தில் கை வைக்காதீர்கள். அந்த முகத்தை நம்பி ஒருத்தி எங்கேயோ தனியாகக் காவல் இருக்கிறாள்.