ரத்னம்மா சுரண்டி வைத்த இடம்

செய்தி வந்தபோது நான் கெலமங்கலத்தில் ஒரு டீக்கடையில் நின்று, டெம்போக்காரர் ஒருவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "பேட்டரி தானா சாகாதுங்க, நாமதான் கொல்றோம். மொதல்ல மைனஸ் ஒயரப் பாருங்க" என்று, ஏதோ நானே கண்டுபிடித்தது போல டீ கிளாஸை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அப்போதுதான் போன் அடித்தது. பாகலூர் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த ரத்னம்மா காலையில் போய்விட்டார் என்று அவருடைய மருமகள் சொன்னாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு டெம்போக்காரரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "இவ்வளவு நேரம் பேசினேனே, அது என் பேச்சு இல்லைங்க. அதச் சொன்ன அம்மா இன்னிக்கு இல்ல" என்றேன். முன்பின் தெரியாத அந்த மனிதர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

ரத்னம்மாவிடம் வண்டியைக் காட்டிய எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும். என்னுடையது இரண்டு பேட்டரியின் கதை. என் ஜீப் பழசு, ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். கல்லும் பள்ளமுமான மலைப்பாதையில் அதற்கு நிகர் அதுதான். என் மகள் கவிதா நர்ஸ். புதன்கிழமைகளில் மலைக் கிராமங்களுக்குத் தடுப்பூசி போடப் போவாள். அவளையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிப் போவது நான். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு நாள்கூட நான் கொண்டுபோய் விட்டதில்லை. எனக்கு எப்போதும் ஷிப்ட். பேக்டரியை விட்டு வந்த பிறகுதான் அந்தப் பாக்கியம் கிடைத்தது. மகளுக்கு முப்பது வயது, எனக்கு இப்போதுதான் பள்ளிக்கூட வேன் ஓட்டும் சந்தோஷம்.

ஜீப்பில் முன்னால் இருக்கும் பேட்டரி இன்ஜினைக் கிளப்ப. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டாவது பேட்டரி, மருந்துப் பெட்டியைக் குளிராக வைக்க. வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஏற வேண்டும். ஏறவில்லை. ஒன்றரை வருடத்தில் மூன்று ஜோடி பேட்டரி மாற்றினேன். முதலில் பின்னால் இருப்பது படுக்கும். நான் பெரிய மெக்கானிக் போல முன் பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அதற்கு உயிர் கொடுப்பேன். நாலு நாளில் முன்னால் இருப்பதும் படுத்துவிடும். கடை கடையாகக் காட்டினேன். எல்லாரும் வண்டியை நிற்க வைத்து மீட்டர் வைத்தார்கள், எல்லாம் சரி என்றார்கள், புது பேட்டரி மாட்டி அனுப்பினார்கள்.

ஒரு புதன்கிழமை மலை உச்சியில் பெட்டி சூடாகிவிட்டது. சூடான மருந்தைப் போடக் கூடாது. விடியற்காலையில் கிளம்பி நடந்து வந்திருந்த தாய்மார்களை கவிதா கைகூப்பித் திருப்பி அனுப்பினாள். வண்டியும் கிளம்பவில்லை. அந்தப் பெண்களே குழந்தைகளை ஆளுக்காள் மாற்றிக் கொடுத்துவிட்டு ஜீப்பைத் தள்ளினார்கள். "ஊசி போடத்தான் முடியல, வண்டியாவது தள்ளி விடறோம்" என்று ஒருத்தி சிரித்தாள். கவிதா சிரிக்கவில்லை. இறங்கும் வழியில் சொன்னாள்: "அப்பா, ஆபீஸ்ல வேற வண்டி போடலாங்கறாங்க. இன்னொரு வாரம் இப்படி ஆச்சுன்னா நானும் சரின்னு சொல்லிடுவேன். கோச்சுக்காதீங்க."

மறுநாளே ரத்னம்மா கடைக்குப் போனேன். நெற்றியில் பெரிய பொட்டு, புடவைக்கு மேல் ஒரு பழைய பேக்டரிச் சட்டை. "புது பேட்டரி ரெண்டு குடுங்கம்மா" என்றேன்.

"கொடுக்க மாட்டேன்."

"ஏம்மா?"

"மூணு ஜோடிய கொன்னுட்டு வந்திருக்கீங்க. நாலாவதுக்கும் என் கையால விஷம் வெக்கணுமா? பேட்டரி தானா சாகாதுண்ணா."

மற்ற கடைக்காரர்கள் எல்லாம் சரி என்றதைச் சொன்னேன். "கடையில நிக்கற வண்டி நல்ல புள்ளையாட்டம் நடிக்கும். மேட்டுல ஏத்தினாத்தான் கொணம் தெரியும். புதன்கிழமை நானும் வரேன்" என்றார்.

"அப்ப கடை?"

"கடை எங்க போவுது? ஒங்க வண்டியாட்டமே வெச்ச எடத்துல நிக்கும்."

சொன்னபடி வந்தார். பின்னால், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில், ஸ்டெப்னி மேல் உட்கார்ந்துகொண்டார். மீட்டரின் ஒரு முனையை இரண்டாவது பேட்டரியின் மைனஸில் வைத்தார், இன்னொன்றை வண்டியின் இரும்பில். ஜீப் குதித்த குதியில் என் பல்லே ஆடியது. அவர் கை ஆடவில்லை. மூன்றாவது வளைவில் பின்னாலிருந்து சத்தம்: "நோடி அண்ணா, நோடி! பாருங்க, ஏறுது, ஏறுது!" சார்ஜ்தான் ஏறுகிறது என்று நான் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொண்டாடினேன். "குஷியாவாதீங்க. ஏறக் கூடாதது ஏறுது" என்றார்.

மேட்டில் நிறுத்தியதும் பொறுமையாகச் சொன்னார். பேட்டரியின் மைனஸ் ஒயர் வண்டியின் இரும்பில் போல்ட் போட்டு நிற்கிறது. கரன்ட் அந்த இரும்பு வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். நடுவே ஒன்றும் இருக்கக் கூடாது. மீட்டர் சைபர் காட்ட வேண்டும். நின்ற வண்டியில் சைபர்தான் காட்டியது. ஓடும்போது, எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது, காட்டவில்லை. "என்னமோ குறுக்க உக்காந்துக்குனு இருக்குது. இந்த பேட்டரி அரை வயித்துக்குத்தான் சாப்பிட்டிருக்கு, பாவம்."

போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று பச்சைப் பெயின்ட்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, துரு பிடிக்கக் கூடாதே என்று ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அதன் அடியிலும் இரண்டு கோட்டு அடித்து, காய விட்டு மாட்டியவன் நான். சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அந்த ஒன்றரை வருடத்தில் வந்த இரண்டு ஆயுத பூஜைக்கும் அதே பக்தி.

"யாரு அடிச்சது?" என்றார் ரத்னம்மா. கவிதா பக்கத்தில் நின்றாள்.

"பட்டறைப் பசங்க" என்றேன்.

ரத்னம்மா என் செருப்பைப் பார்த்தார். அதில் பச்சைச் சொட்டுகள். பிறகு கவிதாவைப் பார்த்துச் சொன்னார்: "பசங்கள ஒண்ணும் சொல்லாதம்மா. வண்டி மேல ரொம்பப் பாசம் வெச்சு அடிச்சிருக்காங்க." உப்புத்தாளை எடுத்து, பொட்டு அளவுக்குச் சுரண்டினார். பச்சை போய், அடியில் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது, குழந்தைக்கு முளைத்த முதல் பல் மாதிரி. அதில் ஒயரை வைத்து போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். நான் உயிர் கொடுக்க வைத்திருந்த ஒயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இத வீட்ல துணி காயப் போட வெச்சுக்குங்கண்ணா."

அன்று கடைசிக் குழந்தை வரைக்கும் பெட்டி குளிர்ந்தே இருந்தது. போன தடவை வண்டி தள்ளிய பெண் வந்து, "இன்னிக்குத் தள்ள வேணாமா?" என்று கேட்டாள். அதன் பிறகு கவிதா வேறு வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் ரத்னம்மா போன் செய்வார். "அண்ணா, பசங்க வந்தாங்களா? அந்தப் பொட்டு எடத்த விட்டுட்டு அடிக்கச் சொல்லுங்க." வேறு எதுவும் பேச மாட்டார்.

துக்கத்துக்குப் போனபோது பேக்டரிச் சீருடையோடு பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கடை வைப்பதற்கு முன் ரத்னம்மா பல வருடம் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் லைனில் வேலை செய்தவர். ஒருத்தி சொன்னாள்: "எங்க லைன்ல ஒயர் மாறிப் போனா, எந்த எடத்துலன்னு அக்கா விரல் வெச்சுக் காட்டிரும். சூப்பர்வைசர் வந்து எவ கட்டினதுன்னு கத்துவாரு. 'தப்பு எங்கன்னுதான் சார் நான் பாத்தேன். யாருங்கறத அவங்களே பாத்துக்குவாங்க'ன்னு சொல்லிட்டு அடுத்த ஒயர எடுத்துரும்."

எனக்கு மலைப்பு தாங்கவில்லை. இருட்டில் ஒளிந்திருக்கும் தப்பைத் தேடி எடுக்கும் கண் ஒருவருக்கு வாய்க்கலாம். தேடி எடுத்த பிறகு ஆளை விட்டுவிடும் கண்ணும் அதே முகத்தில் இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் நினைவாக என்னிடம் போட்டோ கிடையாது. ஜீப்பின் பின் சீட்டுக்கு அடியில் பெயின்ட் படாத, பொட்டு அளவு இரும்பு இருக்கிறது. வண்டி முழுக்க எந்த வர்ணம் அடித்தாலும் அதை விட்டுவிட்டுத்தான் அடிப்பேன்.

மாலை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கவிதா என் தோளில் சாய்ந்து அழுதாள். "அப்பா, அந்தப் பட்டறைப் பசங்களுக்குச் சொல்லி விட்டீங்களா? அவங்களும் வந்து பாத்திருக்கலாமே" என்றாள். ரத்னம்மாவின் முகம் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அமைதியாக இருந்தது. பதில் வாய் வரைக்கும் வந்தது.

அவங்க வந்துட்டாங்கம்மா.