நூற்று நாற்பத்தேழு

தொண்ணூறுகளில் இரத்தினபுரியில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் புத்தம்புதுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கடை முன் நின்றது. வந்தவர் மாணிக்கக்கல் வியாபாரி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். ஒல்லியான உடம்பு, விரலில் பெரிய நீலக்கல் மோதிரம். அந்தக் காருக்குள் ஏறும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்.

“மோட்டார் ஆபீஸ்ல சொல்லிவச்சா விரும்புன நம்பரே தருவாங்களாம். நூத்தி நாப்பத்தேழு கேக்கலாமுன்னு இருக்கேன்,” என்றார்.

“ராசி நம்பருங்களா?”

“தோட்டத்து ஆள்பதிவுல எங்கம்மாவோட செக்ரோல் நம்பருங்க. கொழுந்து நிறுக்குற எடத்துல அதச் சொல்லித்தான் கூப்புடுவாங்க.”

மாதிரிக்கு ஒரு தகரத்தில் வெண்கட்டியால் அந்த எண்ணை எழுதி, காரின் முன்னால் பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கிட்டே வந்து உள்ளங்கையால் அதை அழித்தார்.

“வேணாங்க. அம்மாவ நம்பர் சொல்லிக் கூப்புட்டதெல்லாம் போதும். ஆபீஸ்ல குடுக்குறதையே எழுதிருங்க.”

அப்படியே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கார் எண் எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. நூற்று நாற்பத்தேழு மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

அந்த அம்மாவின் பெயரை நானும் கேட்கவில்லை.