குப்பியை ஆட்டத் தெரியாத பெயிண்டர்

மருந்துக் கலவை அறையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவனுக்குச் சில பழக்கங்கள் உடம்போடு ஒட்டிவிடும். எதையும் தரையில் இழுக்க மாட்டான். எதையும் தட்ட மாட்டான். கடையில் தேங்காய் வாங்கினால் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்க மாட்டான். நான் அப்படித்தான். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிக்குள் அடைக்கிற மருந்தைக் கலக்குகிறவன். உரசினாலோ குலுங்கினாலோ பற்றிக்கொள்கிற மருந்து. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். உள்ளே போகுமுன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். கலக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. வெடித்தால் கலக்குகிறவனோடு போகட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை.

போன வருஷம் வேறொரு கம்பெனியில் கலவை அறை வெடித்து ஒருவர் செத்துப்போனார். எனக்குத் தெரிந்தவர். என்னைவிட நிதானமான கை. அவசரக்காரன் எவனாவது செத்திருந்தால் அவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இவர் செத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அதன்பிறகு தினமும் செம்புத் தகட்டை இரண்டு மூன்று தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். வீட்டில் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தேன். நாற்பத்தாறு வயது கலவைக்காரனுக்கு எவன் வேலை தருவான்?

பாய் தருவதாகச் சொன்னார். டவுனில் சீட்டுக்கட்டும் விளையாட்டு அட்டைகளும் அச்சடிக்கிறவர். பெங்களூர் பார்ட்டி ஒன்று அவருக்குப் புது ஆர்டர் கொடுத்திருந்தது. மேஜையில் வைத்து யுத்தம் நடத்துகிற விளையாட்டாம். அட்டையோடு கட்டைவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள் வரும். அதற்குக் கையால் பெயிண்ட் அடிக்க நிரந்தரமாக ஆள் வேண்டும். கலவைக்காரன் என்றால் கை நடுங்காது என்று பாய்க்கு ஒரு நம்பிக்கை. பத்துச் சிப்பாயும், பெயிண்ட் குப்பிகளும், எப்படி அடிப்பது என்று ஒரு தாளும் கொடுத்தனுப்பினார். மாதிரி சரியாக வந்தால் வேலை எனக்கு.

தாளில் இருந்ததை என் மகள் வாசித்துச் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சிப்பாயைக் கையில் பிடிக்காமல் ஒரு மூடியில் ஒட்டி, மூடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் சாம்பல் நிறத்தில் ஓர் அடிப்பூச்சு. பெயிண்டில் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிசாக இரண்டு தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் மூக்கும் வாயும் மூடிப்போகும். காய்ந்தபின் கறுப்புப் பெயிண்டைத் தண்ணீராய்க் கரைத்து மேலே விட்டால் அது சட்டை மடிப்புகளில் தானே போய்த் தங்கும். கடைசியில் தூரிகையில் பெயிண்டைத் தொட்டு, அதைத் துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடான இடங்களில் தேய்க்க வேண்டும். துடைப்பதற்கு எதற்கடா தொடுகிறீர்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தேய்த்துப் பார்த்தபோது சிப்பாயின் தாடி மயிர் மயிராக எழுந்து நின்றது. சும்மா சொல்லக் கூடாது, விவரமான பயல்கள்தான்.

எல்லாவற்றுக்கும் முதல் வரியில் 'குப்பியை நன்றாக ஆட்டவும்' என்று இருந்தது. அதை மட்டும் நான் செய்யவில்லை. குப்பிக்குள் ஓர் இரும்புக் குண்டு வேறு கிடந்தது. வாளுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயிண்டில் அலுமினியத் தூள், நான் மருந்தில் கலக்குகிற அதே தூள், சேர்ந்திருப்பதாகத் தாளிலேயே போட்டிருந்தது. அலுமினியத் தூளையும் இரும்புக் குண்டையும் ஒரே குப்பியில் போட்டு என்னை ஆட்டச் சொல்கிறான்! இது தண்ணீர்ப் பெயிண்ட், ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கை வரவில்லை. மூடியை மெதுவாகத் திறந்து, மேலே நின்றதைச் சாய்த்து எடுத்து அடித்தேன். வண்ணமெல்லாம் அடியில் படிந்துகிடக்க, மேலே நின்ற தண்ணீரைத்தான் பத்துப் பேருக்கும் பூசியிருக்கிறேன்.

பாய் பார்த்தார். பட்டாளத்துக்கே ரத்தசோகை வந்த மாதிரி இருக்கிறது என்றார். சிப்பாயின் கோட்டு சிவப்பாக வந்திருக்க வேண்டும், ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. வாள் எந்த நிறத்திலும் இல்லை.

"குப்பிய ஆட்டினீகளா, அண்ணாச்சி?"

ஆட்டவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்க வேண்டியதில்லை. வேறு பத்துச் சிப்பாய் கொடுத்தார். திங்கட்கிழமை பெங்களூர்க்காரர் நேரில் வருகிறார், அதற்குள் மாதிரி சரியாக வராவிட்டால் தனக்கும் வேறு வழியில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் குப்பிகளை வரிசையாக வைத்து உட்கார்ந்தேன். மகளையும் மனைவியையும் தெருவில் போய் நிற்கச் சொன்னேன். பெயிண்ட் குப்பிக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் மனைவி போகவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் கட்டையில் தீக்குச்சி அடுக்குகிறவள், அதிகம் பேச மாட்டாள். எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து போடி என்று சத்தம் போட்டேன். கலக்கும்போது என் எதிரே ஆள் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. அவள் அசையவில்லை.

"தெனம் காலைல நீங்க அங்கன போனதும் சத்தம் கேக்குதான்னு காதக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பத்தொம்பது வருசமா. அதுக்கு இது எம்மாத்திரம். ஆட்டுங்க."

பயம் என்னோடுதான் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கலியாணமான மறுநாளிலிருந்து அவளிடமும் இருந்திருக்கிறது. நான் மண்டு. வெள்ளிக் குப்பியைத்தான் முதலில் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினேன். உள்ளே குண்டு டக்டக்கென்று அடித்தது. போதும் என்று அவள் சொல்லும்வரை ஆட்டினேன், அவள் சொல்ல வெகுநேரமானது. எல்லாக் குப்பிகளையும் ஆட்டி முடித்தபோது இரண்டு பேருக்கும் வியர்த்திருந்தது. சிவப்பு சிவப்பாகவே வந்தது.

பெங்களூர்க்காரர் பத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று சிப்பாய்களுக்கு மாறுகண் என்றார், அதைச் சரிசெய்துகொள்ளச் சொன்னார். வாள் நன்றாக இருக்கிறதாம். அந்த வாரமே கம்பெனியில் போர்மேனிடம் இனி வரவில்லை என்று சொன்னேன். எங்கே போகிறாய் என்று கேட்டார். பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்க என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

பாயிடம் முதல் நாள் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. பாத்திரம் அப்படியே கிடந்தது. உடம்புக்கு என்ன, அம்மா வேலைக்குப் போகவில்லையா என்று மகளைக் கேட்டேன். நான் காலையில் கிளம்பியதும் அம்மா கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தாளாம். குறட்டை விட்டுத் தூங்குகிறாள், இன்னும் எழுந்திருக்கவில்லை என்றாள்.