துரைப்பேயின் துபாஷி

2007-இல் சிதம்பரத்தில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பேய்க்கதைகளில் காலனி ஆதிக்கமும் எதிர்ப்பும் என்பது ஆய்வுத் தலைப்பு. அந்தக் கதைகளில் அடிமை நாட்டிலிருந்து ஏதாவது ஒரு சாபம் கப்பலேறிப் போய் லண்டன் மாளிகையில் குடியேறும், துரைமார்கள் அலறுவார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஆனந்தம். அப்போதுதான் கடலூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

"வெள்ளக்காரன் சமாதிப் பக்கமா காலேஜுக்குப் போயிருக்கா உன் தங்கச்சி. தொரை தொத்திக்கினாரு. பூசாரி பேசுறது அவருக்குப் புரியலையாம். நீதான் இங்கிலீஷு படிக்கிறியே, வந்து பேசும்மா."

பெற்ற மகள் 'போயிருக்கா'. பேய் 'தொத்திக்கினாரு'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்குப் பத்து நாளில் கல்யாணம். பி.எஸ்சி. முதல் வருடத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்று அவள் தமிழில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

போய்ப் பார்த்தால், தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே படையலாக பன், ஜாம், ஆம்லெட். பூசாரியின் கையில் சாட்டை.

"இன்னா வேணும்னு கேளும்மா" என்றார் பூசாரி. ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ரெஸ்பெக்டட் சார்!" என்று உறுமினாள். "ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..."

பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்த லீவு லெட்டர்! சிரிப்பை அடக்க இருமினேன். முடிக்கற்றைகளுக்கு நடுவிலிருந்து என்னையே பார்த்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

"இன்னா சொல்றாரு தொரை?" என்றார் சித்தப்பா.

"லீவு கேக்கறாரு."

"எதுக்கு?"

"கல்யாணத்துக்கு. இன்னும் ரெண்டு வருஷம். படிப்ப பாதியில நிறுத்துனா அவருக்குப் புடிக்காதாம்."

சித்தப்பா யோசித்தார். "ஒரு வருஷம்னு கேட்டுப் பாரேன்."

கேட்டேன். "ஐ ரெக்வெஸ்ட் யூ டு க்ராண்ட் மி லீவ்!" என்று அவள் போட்ட கத்தலில் பூசாரி சாட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "சரிங்க சார்" என்றார், தன் மகளைப் பார்த்து.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். மனப்பாடம் செய்தது பாதியில் நிற்குமா?

"தேங்கிங் யூ சார். யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடித்துத் தலையைத் தொங்கப்போட்டாள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி. ஆறாம் வகுப்பிலிருந்து நானும் எத்தனை முறை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"கடைசியா இன்னாமோ சொன்னாரே?" என்றார் சித்தப்பா.

"அடுத்த தடவ இப்படிக் கெஞ்ச மாட்டாராம்" என்றேன்.