பூசைக்கு நிறுத்திய ஷாப்ட்

பேய், முனி என்று பயப்படுகிறவன் இன்ஜின் ரூமில் வேலை பார்க்க முடியுமா? சாமி கும்பிடுவேன், அதோடு சரி. ஐம்பதுகளில் இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் ஆலையில் நான் இன்ஜின் டிரைவர். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துவிட்டே கேளுங்கள்.

இன்ஜினிலிருந்து பெல்ட் போட்டு, சுவரோரமாக நெஞ்சு உயரத்தில் கிடக்கும் நீண்ட இரும்பு ஷாப்ட்டைச் சுற்ற வைப்போம், அதுதான் கொழுந்தை அரைக்கும் எல்லா ரோலரையும் ஓட்டும். வேகம் ஏறும்போது ஒரு கட்டத்தில் கட்டடமே ஒரு உதறு உதறும், ஜன்னல் கண்ணாடி ‘ங்ஙொய்’ என்று பாடும். சட்டென்று வேகத்தைக் கூட்டித் தாண்டிவிட்டால் அடங்கிவிடும். அந்த மாதம் மட்டும் உதறல் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்தது, லேசில் போகவும் மாட்டேன் என்றது. யாரோ போல்ட்டைத் தளர்த்துகிறார்கள் என்றார் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர், சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும், பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவேன்? எனக்கோ மற்ற ஷிப்டு டிரைவர் சிவனாண்டி மேல்தான் சந்தேகம். நாசமாய்ப் போகிறவன், என் இடத்துக்குத் தன் மச்சானைக் கொண்டுவரப் பார்த்தான்.

ஆயுத பூசையன்று இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, ஷாப்ட்டைத் தாங்கும் பேரிங்மேல் நிறைகுடம் வைத்துக் கும்பிட்டோம். எல்லோரும் கோயிலுக்குப் போனதும் ஷாப்ட்டை ஒட்டி அடுக்கியிருந்த தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தேன், சிவனாண்டியைக் கையும் களவுமாகப் பிடிக்க. பார்த்தால், எதிர்ப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தலை!

“சிவனாண்டி! வெளிய வாடா!”

“நான் ஒங்களப் புடிக்கத்தாண்ணே வந்தேன்!” என்றான்.

திட்ட வாயைத் திறந்தேன், ஜன்னல் பாடத் தொடங்கியது. அதே ‘ங்ஙொய்’. இன்ஜின் ஆறிக் கிடக்கிறது, பெல்ட் ஆணியில் தொங்குகிறது, குடத்துத் தண்ணீர் மட்டும் வளையம் வளையமாய் நடுங்குகிறது. நம்பினால் நம்புங்கள். குடத்துமேல் வைத்த தேங்காய் உருண்டு விழுந்தது.

டீமேக்கரிடம் ஓடினோம். மனுஷன் முதலில் எங்கள் வாயைத்தான் மோந்து பார்த்தார்.

“ரெண்டு பேரும் சேந்து நாடகமா?”

“தெறந்து பாக்காம நாளைக்கு இன்ஜினத் தொடமாட்டேங்கய்யா. வேல போனாலும் போகட்டும்” என்றேன்.

குடம் இருந்த இடத்தில் பேரிங்கைத் திறந்து கிரீஸைத் துடைத்தால், ஷாப்ட்டில் மயிரிழை விரிசல். போல்ட்டெல்லாம் இறுக்கமாகவே இருந்தன. மறுநாள் ஓட்டியிருந்தால் ரோலரடியில் நிற்கிறவர்கள் கதி என்ன?

ஒவ்வொரு இரும்புக்கும் சொந்தமாக ஒரு நடுக்கம் உண்டு, விரிசல் விட்டால் அது குறைந்த வேகத்திலேயே வந்துவிடும் என்றார் கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர். சரி ஐயா, ஓடாத ஷாப்ட் எப்படி நடுங்கும்? நாங்கள் திருட்டுத்தனமாக ஓட்டிப் பார்த்திருப்போம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எப்படியோ வேலை தப்பியது. சில வருஷம் கழித்து சிவனாண்டி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டான். ஹட்டன் ஸ்டேஷனில், ரயில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இப்பவாவது உண்மையச் சொல்லுங்கண்ணே. அன்னைக்கு ஒங்க பக்கத்துல நின்னு, ஷாப்ட்ட ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டிருந்தவரு யாரு? நீங்க கூட்டியாந்த ஆளுதானே?”

அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அன்றைக்கு நான் தனியாகத்தான் போயிருந்தேன்.